ஒரே போனுக்குள் பல வயது

2020 அக்டோபரில் ஐபோன் 12 இந்தியாவில் 79,900 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. இன்று அதே போன் சென்னை ரிச்சி தெருவின் செகண்ட் ஹேண்ட் கடைகளில் அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லை. கண்ணாடி மின்னுகிறது, ஆப்கள் தொட்டதும் திறக்கின்றன, எடுத்த படம் இன்றைய போன்களுக்குச் சளைத்ததாக இல்லை. பக்கத்துக் கடையிலோ ஏறக்குறைய அதே பணத்துக்கு சீல் பிரிக்காத புதிய போன் இருக்கிறது.

எதை வாங்குவது? பழைய பிரீமியம் போனைப் பார்க்கும் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வேகம் குறையாத ஒரு பொருளின் விலை ஏன் இவ்வளவு சரிந்தது? அந்தச் சரிவு நமக்கு லாபமா, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே தேய்ந்துபோனதன் அடையாளமா?

போனின் வயதை ஒரே எண்ணாக நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். அதனுள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் தனித்தனி வேகத்தில் மூப்படைகிறது. ஒன்றுக்கு வயதாவதே தெரியாது. மற்றொன்று இரண்டே ஆண்டில் தளர்கிறது. இன்னொன்று, போன் யாரிடம் எப்படி இருந்தாலும், குறித்த நாளில் ஓய்வு பெற்றுவிடுகிறது. வாங்குபவர் விலை பேசவேண்டியது இந்த வயதுகளோடுதான்.

தேயாத பாகம்

முதலில் நல்ல செய்தி. ஐபோன் 12இன் மூளையான ஏ14 சிப்பில் 1,180 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண்ணிய சுவிட்ச். அதில் அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. உரசித் தேய எதுவும் இல்லை. பல ஆண்டுகள் மின்னோட்டம் பாயும்போது எலெக்ட்ரான்கள் மோதி, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளில் உள்ள உலோக அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடம்பெயர்வது உண்மை. ஆனால் வடிவமைப்பவர்கள் அதற்கு இடம்விட்டுத்தான் சிப்பைச் செய்கிறார்கள். ஐந்தாறு ஆண்டுப் பயன்பாட்டில் அந்தத் தேய்மானம் நம் கண்ணுக்கு வருவதில்லை.

அதனால்தான் 2024இல் வந்த நடுத்தர விலை போன்கள் பலவற்றை, ஒரு நேரத்தில் ஒரு வேலையை எவ்வளவு விரைவாக முடிக்கிறது என்ற சோதனையில் ஏ14 இன்னும் முந்துகிறது. விலை குறைந்த சிப்பில் சிறிய கணக்கிடும் கோர்களையும், சிப்புக்குள்ளேயே இருக்கும் நினைவகத்தைக் குறைவாகவும் வைத்தால்தான் சிலிக்கான் செலவு கட்டுப்படியாகும். விலையுயர்ந்த போனில் அந்தச் சிக்கனம் தேவைப்படவில்லை. அன்று வாங்கியவர் கொடுத்த பணத்தின் பெரும் பலன் இன்னும் சிப்புக்குள் அப்படியே இருக்கிறது.

பிறகு ஏன் பழைய போன் மெதுவாகிவிட்டதாகப் பலர் சொல்கிறார்கள்? புதிய ஆப்கள் கனத்துவிட்டது ஒரு காரணம். ஸ்டோரேஜ் நிரம்பிவிடுவது இன்னொன்று. நிரம்பிய ஸ்டோரேஜில் புதிதாக எதையாவது எழுத, பழையதை இடம் மாற்றி அழித்து இடம் உண்டாக்கவேண்டும்; அதற்கு நேரம் பிடிக்கும். ஐபோன் 12இன் ஆரம்ப மாடலில் 64 ஜிபிதான். மெமரி கார்டு போட வழியில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களும் பிள்ளைகளின் வீடியோக்களும் சேர்ந்தால் சில மாதங்களில் அது நிரம்பிவிடும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் 64 ஜிபி வேண்டாம் என்றே சொல்வேன்.

மூன்றாவது காரணம் பேட்டரி. பழைய போன் வாங்கும் விஷயத்தில் முக்கால்வாசி அறிவியல் அங்கேதான் இருக்கிறது.

முப்பது சதவீதம் இருக்கும்போது அணைவது ஏன்?

பழைய போன் வைத்திருப்பவர்கள் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். திரையில் 30 சதவீதம் என்று இருக்கிறது. கேமராவைத் திறந்து ஃபிளாஷ் போட்டதும் போன் அணைந்துவிடுகிறது. சார்ஜரில் செருகி உயிர்ப்பித்தால் மறுபடி 28 என்று காட்டுகிறது. அப்படியானால் அந்த 30 பொய்யா?

பொய்யில்லை. மின்சாரம் உள்ளே இருக்கத்தான் செய்தது. கேட்ட வேகத்தில் வெளியே வர முடியவில்லை.

லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி நிறுவனம், 1991இல். அதற்கு அடித்தளமிட்ட ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பேட்டரிக்குள் இரண்டு அடுக்குகள்: ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் கோபால்ட் கலந்த ஆக்சைடு. நடுவே ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் திரவத்தைக் கடந்து கிராஃபைட் அடுக்குக்குள் போய் அமர்கின்றன. நாம் போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன.

முதல் முறை சார்ஜ் ஏறும்போதே ஒரு சிறு விபத்து நடக்கிறது. கிராஃபைட்டைத் தொடும் இடத்தில் திரவம் சிதைந்து, அதன்மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. இத்தகைய தோல் உருவாவதை இஸ்ரேலிய வேதியியலாளர் எமானுவேல் பெலெட் 1979இல் விளக்கினார். நாம் இதைக் காப்புப் படலம் என்று அழைப்போம். லித்தியம் அயனியை இது உள்ளே விடும், எலெக்ட்ரானை விடாது. அதனால் திரவம் மேலும் சிதைவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இந்தப் படலம் உருவாகாவிட்டால் பேட்டரி சில நாள்கூடத் தாங்காது. ஆனால் சிதைவு முழுவதுமாக நிற்பதில்லை. ஒவ்வொரு சார்ஜிலும், வெறுமனே இருக்கும்போதும்கூட, படலம் சிறிது சிறிதாகத் தடிக்கிறது. தடிக்கத் தடிக்க இரண்டு இழப்புகள். படலத்துக்குள் சிக்கிய லித்தியம் மீண்டும் வேலைக்கு வராது. ஆகவே கொள்ளளவு குறைகிறது. மீதியுள்ள அயனிகள் கடந்துபோகும் வழியும் கடினமாகிறது. இந்த இரண்டாவது இழப்பை உள்தடை என்போம். பேட்டரியை வாழவைத்த அதே படலம்தான் அதை முதுமைக்கும் இட்டுச் செல்கிறது. எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உப்பு படிந்த பழைய தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் தொட்டி பாதி நிறைந்திருக்கிறது. ஒரு குழாயை மெல்லத் திறந்தால் தண்ணீர் நன்றாகவே வரும். எல்லாக் குழாய்களையும் ஒரே சமயம் திறந்தால் எதிலும் வராது.

இதையே எண்களில் பார்ப்போம். கணக்குக்கு வசதியாக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். 30 சதவீதம் சார்ஜ் உள்ள பேட்டரி சும்மா இருக்கும்போது 3.7 வோல்ட் தருகிறது. போனின் சுற்றுகள் நினைவு தவறாமல் இயங்க 3 வோல்ட்டாவது வேண்டும். கேமரா, ஃபிளாஷ், 5ஜி மூன்றும் ஒன்றாக எழும் நொடியில் போன் 3 ஆம்பியர் கேட்கிறது. புதிய பேட்டரியில் ஒரு ஆம்பியருக்கு 0.1 வோல்ட் உள்தடையில் தொலைகிறது என்றால், மொத்த இழப்பு 0.3. மிச்சம் 3.4 வோல்ட், போனுக்கு எதுவும் தெரியாது. நான்கு ஆண்டு உழைத்த பேட்டரியில் ஒரு ஆம்பியருக்கு 0.2 வோல்ட் தொலைகிறது. இழப்பு 0.6, மிச்சம் 3.1. தப்பித்துவிட்டது, ஆனால் விளிம்பில் நிற்கிறது. அதே போனை டிசம்பர் விடியலில் ஊட்டியில் வெளியே எடுக்கிறீர்கள். குளிரில் அயனிகள் மந்தமாகி, இழப்பு ஆம்பியருக்கு 0.3 ஆகிறது. மூன்று ஆம்பியருக்கு 0.9. மிச்சம் 2.8 வோல்ட். போன் அணைகிறது. அணைந்ததும் யாரும் மின்சாரம் கேட்பதில்லை. பேட்டரி திரும்பவும் 3.7 வோல்ட்டுக்கு ஏறி நிற்கிறது. மறுபடி இயக்கினால் 28, 29 சதவீதம் என்று காட்டுவதில் வியப்பில்லை.

2017இல் தெரியவந்தது

இந்தத் திடீர் அணைப்பு ஒரு காலத்தில் உலகச் செய்தியானது. 2017 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில், பேட்டரி தளர்ந்த ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்களில் சிப் ஒரே நொடியில் அதிக மின்சாரம் கேட்காதபடி வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு சேர்ந்திருந்தது. மேலே பார்த்த கணக்கில் 3 ஆம்பியரை 2 ஆம்பியராக்குவது போன்றது அது. பொறியியலாகப் பார்த்தால் சரியான வைத்தியம். பயன்படுத்துபவரிடம் தெளிவாகச் சொல்லாததுதான் பெரும் தவறு. அந்த டிசம்பரில் ஜான் பூல் என்பவர் கீக்பெஞ்ச் வேகச் சோதனை முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது விஷயம் வெளிப்பட்டது. ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. புதுப் பேட்டரி போட்டதும் பழைய போன்களுக்கு வேகம் திரும்பியது.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்கு அந்தச் சர்ச்சை விட்டுச்சென்ற கொடை, 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3இல் வந்த பேட்டரி ஹெல்த் பக்கம். இன்று ரிச்சி தெருவில் "ஹெல்த் எவ்வளவு?" என்ற கேள்வி இல்லாமல் ஐபோன் பேரம் தொடங்குவதே இல்லை.

ஹெல்த் எண் சொல்வதும் சொல்லாததும்

ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முழுச் சுற்றுகள் முடிந்த பின்பும் ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். ஐபோன் 15இலிருந்து அது 1,000 சுற்று. 100 சதவீத மின்சாரம் செலவானால் ஒரு சுற்று. இன்று பாதி, நாளை பாதி என்றாலும் ஒன்றுதான். நாளொன்றுக்கு ஒரு சுற்று என்றால் 500 சுற்று ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

சுற்றுகளை விடவும் கொடியது வெப்பம். 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழல் பேட்டரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கக்கூடும் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. அக்னி நட்சத்திர நாள்களில் சென்னை 40 டிகிரியைத் தாண்டுகிறது. காரின் டேஷ்போர்டில் வெயிலில் கிடந்த போனும் வீட்டு மேசையில் கிடந்த போனும் ஒரே நாளில் வாங்கப்பட்டிருந்தாலும் ஒரே வயதுடையவை ஆகா.

ஹெல்த் எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. எண்ணையே மாற்றித் தரும் கருவிகள் சந்தையில் புழங்குகின்றன. ஐந்து வயது போனில் 100 என்று கண்டால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே நல்லது. இந்த இடத்தில் ஐபோன் 12 வாங்குபவருக்கு ஒரு சாதகம் உண்டு. ஐஓஎஸ் 15.2 முதல் அமைப்புகளில் 'பொது', அதனுள் 'அறிமுகம்' என்று போனால், பேட்டரி, டிஸ்ப்ளே, கேமரா எதுவும் மாற்றப்பட்டிருந்தால் அதைக் காட்டும். போட்டது அசல் பாகமா, அடையாளம் தெரியாத பாகமா என்பதையும் சொல்லும். கடைக்காரர் "ஒண்ணுமே மாத்தல சார்" என்று சொல்லும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

உள்தடையை நேரடியாகச் சோதிக்கவும் வழியிருக்கிறது. போனில் 40 சதவீதத்துக்குக் கீழ் சார்ஜ் இருக்கும்போது வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, 4கே வீடியோவை டார்ச்சுடன் ஐந்து நிமிடம் எடுங்கள். எண் ஒவ்வொன்றாக இறங்கினால் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. 36இலிருந்து நேராக 29க்குக் குதித்தாலோ போன் அணைந்தாலோ, பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டுதான் பேசவேண்டும். திரையின் விளிம்பு சட்டத்திலிருந்து சற்றே தூக்கி நின்றால் உள்ளே பேட்டரி வாயு சேர்ந்து ஊதியிருக்கலாம். அதை அழுத்திப் பார்க்காதீர்கள், வாங்கவும் வேண்டாம்.

திரை, பசை, பைக்

ஐபோன் 12இல் இருப்பது ஓஎல்இடி திரை. அதன் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் கரிமச் சேர்மத்தால் ஆனது. எரிந்த நேரத்துக்கு ஏற்பத் தளரும். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் என்பதால் நீலப் புள்ளிகள் முதலில் தளர்கின்றன. அதனால், நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்ற கீபோர்டோ வழிகாட்டி மேப்பின் பட்டையோ நிழலாகப் படிந்துவிடுகிறது. இருட்டான மூலையில் வெறும் சாம்பல் நிறப் படமொன்றைத் திரை முழுக்க வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐபி68 என்ற தண்ணீர்க் காப்பு முத்திரை புதுப் போனுக்கு ஆய்வகத்தில் கிடைத்தது. உள்ளே தண்ணீரைத் தடுப்பது பசையும் ரப்பர் வளையங்களும்; அவை காய்ந்து விரிசல் விடும். ஒருமுறை திறந்து மூடிய போனில் அந்தக் காப்பு இருக்கிறதென்று எண்ணவே கூடாது. சிம் தட்டை உருவி உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஈரம் பட்டால் சிவக்கும் சிறு குறி அங்கே இருக்கிறது.

கேமராவுக்கு நம் ஊரில் ஒரு தனி ஆபத்து. கை நடுங்கினாலும் படம் நடுங்காமலிருக்க லென்ஸைக் காந்தத்தால் அசைக்கும் நுண்ணமைப்பு ஐபோன் 12இல் உண்டு. அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக வந்து இந்த அமைப்பைக் கெடுக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் எச்சரித்தது. நாள் முழுதும் பைக்கில் மாட்டி ஓட்டிய போன்கள் இங்கே எத்தனையோ. ஆகவே கடைக்கு வெளியே வந்து, நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுங்கள். பிறகு அருகிலுள்ள எழுத்தையும் தொலைவிலுள்ள பலகையையும் மாறிமாறிக் குறிவையுங்கள். படம் துள்ளினாலோ குறி பிடிக்கத் தடுமாறினாலோ அந்த நுண்ணமைப்பு போய்விட்டது.

நாள்காட்டியில் முடியும் வயது

இதுவரை பார்த்தவை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். மென்பொருளின் வயது மட்டும் எல்லோருக்கும் ஒன்று. போன் முதலில் வெளிவந்த நாளில் அது ஓடத் தொடங்குகிறது. பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும் நிற்பதில்லை. பாதுகாப்பு அப்டேட் நின்ற போனில், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். பணம் அனுப்புவது முழுக்க போனுக்குள் வந்துவிட்ட நாட்டில் இதைச் சிறிய குறை என்று ஒதுக்க முடியாது.

2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டும் 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26ஐப் பெறவில்லை. அதாவது ஏழு ஆண்டு. 2020இன் ஐபோன் 12க்கும் அதே அளவுகோல் பொருந்தினால் 2027 வாக்கில் புதிய பதிப்புகள் நிற்கும். அதன்பின் கொஞ்ச காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரலாம். அதே 2020இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்20, ஆண்ட்ராய்டு 10இல் தொடங்கி 13இலேயே நின்றுவிட்டது. திரையும் கேமராவும் இன்னும் அருமையாக இருக்கும் எஸ்20ஐ மலிவாகக் காட்டினாலும் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். 2023இன் பிக்சல் 8இலும் 2024இன் கேலக்ஸி எஸ்24இலும் ஏழு ஆண்டு வாக்குறுதி வந்தபிறகு ஆண்ட்ராய்டு பக்கமும் நிலைமை மாறியிருக்கிறது.

பதினைந்து இலக்கம்

பணம் கொடுக்குமுன் போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று தட்டி 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி சேவை, அந்தப் போன் எந்த மாடல், திருட்டுப் புகாரில் முடக்கப்பட்டதா என்பதைத் தெரிவிக்கும். ஐபோனில் பழைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா என்பதையும் அவர் முன்னிலையிலேயே பாருங்கள். வெளியேறாவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டு.

விலை பேசும் கணக்கு

இப்போது எல்லா வயதுகளையும் ரூபாயில் சேர்ப்போம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. நீங்கள் வாங்கும் நாளின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

2026இல் 128 ஜிபி ஐபோன் 12 ஒன்றுக்கு 18,000 சொல்கிறார்கள். பேட்டரி ஹெல்த் 79. நல்ல பேட்டரி போட 7,000 ஆகும். உண்மை விலை 25,000. பாதுகாப்பாகப் பயன்படுத்த மூன்று ஆண்டு மிச்சம் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 8,300 ரூபாய்.

பக்கத்துக் கடையில் புது கேலக்ஸி ஏ36, 30,000. 2025இல் வெளியான இந்த மாடலுக்கு ஆறு ஆண்டு அப்டேட் என்று சாம்சங் வாக்களித்திருக்கிறது. அதில் ஓராண்டு போய்விட்டதால் ஐந்து மிச்சம். இடையில் அதற்கும் ஒருமுறை பேட்டரி மாற்ற 3,000 சேர்த்தால் 33,000. ஆண்டுக்கு 6,600.

மூன்றாவதாக ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்24, பேட்டரிச் செலவு சேர்த்து 42,000. வாக்குறுதி 2031 வரை; ஐந்து ஆண்டு மிச்சம். ஆண்டுக்கு 8,400. ஐபோன் 12க்குத் தருகிற அதே ஆண்டுச் செலவில் மூன்று ஆண்டு இளைய சிப்பும் திரையும் கிடைக்கின்றன. பழைய பிரீமியம் போன் தேடுபவர் கையில் பணமிருந்தால், ஐந்தாறு வயதுப் போனைவிட இரண்டு வயதுப் போனைத் தேடுவதே மேல் என்று நான் நினைப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஐபோன் 12தான் வேண்டும் என்றால், ஏ36க்கு ஈடாக ஆண்டுக்கு 6,600 என்று வைத்து மூன்று ஆண்டுக்கு 19,800. அதில் பேட்டரிக்கு 7,000 போனால் 12,800. கடைக்காரர் சொன்ன 18,000க்கு நீங்கள் கேட்கவேண்டிய எண் இது. வீடியோ எடுப்பதே தொழிலாக உள்ளவர் ஓரிரு ஆயிரம் ஏற்றிக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஏ36இன் சிப்பாலும் கேமராவாலும் அந்த வேலையை அவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது. அழைப்பு, வாட்ஸ்அப், பணப் பரிமாற்றம் மட்டும் போதும் என்பவர் 12,800க்கு மேல் போகவேண்டியதில்லை.